வித்தியாசத்தைத் தேடிய சகாயராணி

கொடைரோட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த அழைப்பு வந்தது. நெய்க்காரப்பட்டியிலிருந்து என் சித்தப்பாவும் அவருடைய பங்காளிகள் மூன்று பேரும் என்னோடு வந்திருந்தார்கள். மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடந்த சகாயராணிக்கு ரத்தம் வேண்டியிருந்தது. வெறும் வயிற்றோடு போனால் ரத்தம் எடுக்க மாட்டார்கள் என்று நான்தான் வண்டியை நிறுத்தச் சொல்லி, எல்லோருக்கும் இட்லி சொல்லி, சீக்கிரம் சாப்பிடுங்கள் என்று விரட்டிக்கொண்டிருந்தேன். அவளுடைய தம்பி ஜோசப் கூப்பிட்டான்.

"கோமதிக்கா, எங்க இருக்கீங்க?"

"கொடைரோடு வந்துட்டோம். இந்தா, இப்பக் கெளம்பிருவோம்."

"மெதுவா வாங்கக்கா. இனிமே அவசரம் இல்ல" என்றான்.

என் முகத்தைப் பார்த்துச் சித்தப்பா கையை இலையிலேயே வைத்துவிட்டார். "அம்மணி, என்னாச்சு?" என்றார். சொன்னேன். அவர் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்து, "பொறப்பட்டது பொறப்பட்டாச்சு. அங்க வேற யாருக்காச்சும் வேணுமில்ல. குடுத்துட்டே போலாமுங்க" என்று மற்றவர்களிடம் சொன்னார். நால்வரும் அன்று மதுரையில் ரத்தம் கொடுத்தார்கள். அது யாருக்குப் போனது என்று எனக்குத் தெரியாது. அவளுக்கு இல்லை என்பது மட்டும்தான் தெரியும்.

இதைப் படிக்கிற உங்களில் பலர் திண்டுக்கல்லில் எங்கள் கல்லூரியில் அவளிடம் உயிர்வேதியியல் படித்தவர்கள். உங்களுக்கு அவள் 'ராணி மேடம்'. அச்சில் வருவதால் 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. எழுதிப் பார்த்தேன். "யாருடி அந்த அவர்?" என்று அவள் கேட்பது போலவே இருந்தது. ஆகவே அவள் என்றே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். முதல் நாள் துறைக்குள் நுழைந்தபோது, அலுவலக உதவியாளர் அவளை மாணவி என்று நினைத்து, "பாப்பா, இது ஸ்டாஃப் ரூம்" என்று தடுத்தார். அவ்வளவு சின்ன உருவம். கன்ன எலும்புகள் மட்டும் முகத்துக்குப் பொருந்தாமல் தூக்கலாக இருக்கும். அவள் சிரித்துக்கொண்டே உள்ளே வந்து, யாரும் கேட்காமலே எல்லோரிடமும் சொன்னாள்: "எனக்குத் தலசீமியா. மாசா மாசம் ரத்தம் ஏத்தணும். அன்னைக்கு லீவு போடுவேன், மத்த நாள்ல ஒங்களவிட ஒரு பீரியட் கூடவே எடுப்பேன். யாராச்சும் பாவம்னு பாத்தீங்க, அவங்ககிட்ட பேச மாட்டேன்."

உண்மையிலேயே பேச மாட்டாள். ஒருமுறை நல்ல மனத்தோடு ஒரு பேராசிரியர், "இந்த உடம்ப வெச்சுக்கிட்டு ஆராய்ச்சி எதுக்கும்மா?" என்று கேட்டுவிட்டார். அந்த ஆண்டு முழுவதும் அவள் அவருக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை.

அவளுடைய ஊர் சித்தையன்கோட்டைப் பக்கம். அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம், தென்னை, கிணற்றுப் பாசனத்தில் காய்கறி. அப்பா கட்டியது சொந்த அத்தை மகளை. இருவருக்குமே ரத்தத்தில் அந்தக் குறை பாதி பாதி இருந்தது, இருவருக்கும் தெரியாது. மூன்று பிள்ளைகளில் இரண்டு பெண்களுக்கு அது முழுதாக வந்து சேர்ந்தது. மூத்தவள் சகாயராணி, இளையவள் ஜெயமேரி. ஜோசப் தப்பித்தான்.

ஜெயமேரியைப் பற்றி அவள் ஒரே ஒருமுறைதான் என்னிடம் பேசினாள். ரத்தம் ஏற்றுகிற வார்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பை பாதி காலியாகியிருந்தது. ஆராய்ச்சிக்கு எத்தனையோ கிருமிகள் இருக்க, ஏன் ரத்தத்தில் பரவும் இந்த ஒரு பாக்டீரியாவையே பிடித்துக்கொண்டு இருக்கிறாய் என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். அவள் குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எங்க ரெண்டு பேருக்கும் மண்ணீரல் வீங்கிருச்சுன்னு எடுத்துட்டாங்க. அது இல்லாட்டி இந்தக் கிருமிக்கு நம்ம ஒடம்பு தொறந்த வீடு. ஜெயா ஆறாப்பு படிச்சா. காலையில காய்ச்சல்னா. அம்மா கஷாயம் வெச்சுக் குடுத்துச்சு. மத்தியானம் கண்ணு சொருகிருச்சு. சாயங்காலம் இல்ல. அம்புட்டுத்தான்." பிறகு, "எனக்கும் அப்படி ஒரு சாயங்காலம் இருக்கு கோமதி. அதுக்குள்ள அது எப்படித் திங்குதுன்னு பாத்துரணும்" என்றாள்.

அந்தக் கிருமி தின்பது இரும்பை. நம் ரத்தத்தில் இரும்பு சும்மா மிதப்பதில்லை. டிரான்ஸ்ஃபெரின் என்கிற புரதம் அதைப் பிடித்துத் தூக்கிச் செல்கிறது. அதற்கு இரண்டு பாதிகள். ஒவ்வொரு பாதியும் நடுவில் கீல் வைத்த இரண்டு மடல்களாக இருக்கும். இடையில் இரும்பு வந்ததும் மடல்கள் மூடிக்கொள்ளும். பாக்டீரியாவுக்கும் இரும்பு வேண்டும். அதன் இரண்டு சவ்வுகளுக்கு நடுவே உள்ள இடத்தில் ஒரு புரதம் காத்திருக்கிறது. நம்மிடமிருந்து திருடிய இரும்பைப் பிடித்து, உள்ளே கொண்டுபோகும் வாசலில் ஒப்படைப்பது அதன் வேலை. இதுவும் கீல் வைத்த இரண்டு மடல்கள்தான். இரண்டு புரதங்களின் அமினோ அமில வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் உறவு இருப்பதாகவே தோன்றாது. மடிந்து நிற்கிற வடிவத்தைப் பார்த்தால் பங்காளிகள் என்று புரிந்துவிடும். சர்க்கரையையும் அமினோ அமிலத்தையும் பிடித்துக் கொடுக்கிற வேறு பல பாக்டீரியா புரதங்களும் இதே அமைப்புத்தான்.

வகுப்பில் இதைச் சொல்லும்போது அவள், "ஆண்டவர் ரெண்டு பேருக்கும் ஒரே கையைக் குடுத்துட்டார். தூக்குறவனுக்கும் திருடுறவனுக்கும்" என்பாள். பிள்ளைகள் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள். அவளுக்குப் பிரச்சினை அங்கேதான் இருந்தது. பாக்டீரியாவின் கையைக் கட்ட ஒரு மருந்து செய்தால், அது நம் கையையும் சேர்த்துக் கட்டிவிடலாம்.

ஒருமுறை திட்டத்துக்கு ஒப்புதல் கேட்டு வெளியூரில் ஒரு குழுவின் முன் பேசப் போனாள். துணைக்கு நானும் போயிருந்தேன். குழுவில் மூத்தவர் படங்களை எல்லாம் பார்த்துவிட்டு, "இந்த ரெண்டுக்கும் வடிவத்துல ஒற்றுமை இருக்குன்னு ரொம்ப காலமாவே தெரியும். இதுல நீங்க புதுசா என்ன பண்ணப் போறீங்க?" என்றார்.

"ஒத்துமையை எல்லாரும் பாத்தாச்சு சார். நான் வித்தியாசத்தைத் தேடுறேன்" என்றாள் அவள். "எங்க ரெண்டும் ஒன்னு மாதிரி இல்லையோ, அங்கதான் மருந்து நுழைய முடியும்."

அப்படி ஒரு இடம் இருந்தது. இரண்டு புரதங்களுமே இரும்பைத் தனியாகப் பிடிப்பதில்லை. கூடவே ஒரு சிறு துணையையும் சேர்த்துப் பிடிக்கின்றன. நம்முடையது கார்பனேட்டை. அந்தக் கிருமியுடையது பாஸ்பேட்டை. கடுகைவிடச் சிறிய வித்தியாசம்தான். அதில் அவள் தன் உயிரையே வைத்தாள் என்று நான் எழுதினால் அது அலங்காரம் இல்லை.

அந்தக் கிருமியை எங்கள் கல்லூரியில் வளர்க்க முடியாது, கூடாது. ஆகவே அதன் ஒரு மரபணுவை மட்டும் எடுத்துத் தீங்கற்ற வேறொரு பாக்டீரியாவுக்குள் வைத்து, அந்தப் புரதத்தைச் செய்ய வைக்க முயன்றோம். வருடக்கணக்கில் அது திரிந்த பால் மாதிரி வெள்ளைக் கட்டியாகத்தான் வந்தது. உப்பை மாற்றினோம், வெப்பத்தைக் குறைத்தோம். ஒரு கோடையில் மின்சாரம் போய், சேர்த்து வைத்திருந்த அத்தனையும் உறைபெட்டிக்குள்ளேயே கெட்டுப்போனது. அவள் பெட்டிக் கதவைத் திறந்துபோட்டு அதன் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "விடு, மறுபடி செய்யலாம்" என்றேன். "ஒனக்கு மறுபடி இருக்கு" என்றாள். அந்தச் சொல்லில் கோபம் இல்லை. அதுதான் என்னைச் சுட்டது.

ஆனால் மறுபடி செய்தாள். ஒருநாள் காலையில் புரதம் தெளிந்த நீராக இறங்கியது. அதில் இரும்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். குழாயில் இருந்தது மெல்ல மெல்ல நிறம் மாறியது. ஆயக்குடிச் சந்தையில் சிவப்புக் கொய்யாவை அரிந்தால் தெரியுமே, அந்த நிறம். புரதம் இரும்பைப் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். நம் ரத்தத்து டிரான்ஸ்ஃபெரினும் இரும்பைப் பிடித்தால் ஏறக்குறைய அதே நிறம்தான். அவள் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க கோமதிங்க, கொஞ்சம் வந்து பாருங்க" என்று என் ஊர்ப் பேச்சைக் கேலி செய்து கத்தினாள். அவள் அப்படி மகிழ்ந்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

அதன் பிறகு, பாஸ்பேட் உட்காருகிற இடத்தை அடைத்துக்கொள்ளும் என்று நம்பி ஒரு சிறு மூலக்கூறைத் தேர்ந்தெடுத்தாள். இரண்டையும் சேர்த்துப் படிகமாக வளர்த்து, புரதத்தின் உள்ளமைப்பைப் படமெடுக்கும் எக்ஸ் கதிர் கருவி உள்ள பெரிய ஆய்வு நிலையம் ஒன்றுக்கு அனுப்பினோம். முதல் படிகங்கள் உடைந்தன. அடுத்தவை மயிரிழை போல இருந்தன, உதவவில்லை. கடைசியாக நல்லவை சில கிடைத்தன. அங்கிருந்து முடிவு வந்த அன்று இருவரும் ஒரே கணினியின் முன் உட்கார்ந்து படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். இரண்டு மடல்கள், நடுவில் இரும்பு, பக்கத்தில் வழக்கம் போலப் பாஸ்பேட். அவளுடைய மூலக்கூறு எங்குமே இல்லை. அந்தப் புரதம் அதைச் சட்டை செய்யவே இல்லை.

அவள் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அடுத்த பீரியடுக்குப் போனாள், பாடம் நடத்தினாள், திரும்பி வந்தாள். அப்புறம்தான் சொன்னாள்: "போன வாரம் ஹார்ட்டு பாத்தாங்க கோமதி. இரும்பு அங்கயும் படிஞ்சிருச்சாம். அதை ஒங்கிட்டச் சொல்லல. இந்தப் படம் வந்தப்புறம் சேத்துச் சொல்லலாம், ஒரு நல்லதும் ஒரு கெட்டதுமா இருக்கும்னு நெனச்சேன்."

அவளுக்கு ஏற்றிய ஒவ்வொரு பை ரத்தமும் கொஞ்சம் இரும்பை உள்ளே விட்டுவிட்டுப் போனது. அதை வெளியே தள்ள உடம்புக்கு வழி கிடையாது. அதற்கென்று மருந்து உண்டு, சலிக்காமல் எடுத்துக்கொண்டாள், போதவில்லை. இரும்பைப் பற்றியே வாழ்நாள் முழுக்கப் படித்தவளின் ஈரலிலும் இதயத்திலும் இரும்பு படிந்துகொண்டே இருந்தது.

இந்தச் சித்திரையில் தேர்வு நடந்துகொண்டிருந்தது. தேர்வு அறையில் அவள் ஒருபோதும் உட்கார மாட்டாள். அன்று பிற்பகல் வராந்தாவில் போகும்போது எட்டிப் பார்த்தேன், மேசையில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். வெயில் கொளுத்தியது. "ஃபேனை நிறுத்துடி. குளுருது" என்றாள். அவள் கண்ணைப் பார்த்ததும் இது அந்தக் காய்ச்சல் என்று எனக்குப் புரிந்தது. அவளுக்கு என்னைவிட முன்பே தெரிந்துவிட்டது. கைப்பையில் எப்போதும் இருக்கும் மாத்திரையை எடுத்து விழுங்கிவிட்டு, "வண்டியை எடு. செத்த நேரங்கூட இருக்க முடியாது" என்றாள்.

திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் முதல் ஊசியைப் போட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒன்றையும் தாமதப்படுத்தவில்லை. நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். மருந்துகள் மாற்றி மாற்றி ஏறின, காய்ச்சல் இறங்கவில்லை. ரத்தத்தின் அளவு சரிந்துகொண்டே வந்தது. பல வருடங்களாகப் பிறர் ரத்தம் வாங்கியதால் அவள் உடம்பு அதை எதிர்க்கவும் கற்றுக்கொண்டிருந்தது. ஒத்துப்போகிற ரத்தம் வங்கியில் கிடைக்கவில்லை. நாங்கள் தெரிந்த எல்லோருக்கும் போன் செய்தோம். ஆட்கள் வந்தார்கள், பரிசோதித்தார்கள், பொருந்தவில்லை என்றார்கள். மறுபடி போன் செய்தோம். ஜோசப் வார்டு வாசலில் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் ரத்த வகை கேட்டுக்கொண்டு நின்றான்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் என்னை ஒருமுறை உள்ளே விட்டார்கள். இளம் டாக்டர் ஒருவரிடம் அவள் ஆக்ஸிஜன் முகமூடிக்குள்ளிருந்து பேசிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர், என் டிரான்ஸ்ஃபெரின் எவ்வளவு நெறைஞ்சிருக்குன்னு பாத்தீங்களா?"

"நீங்க பேசக் கூடாது மேடம். ரெஸ்ட் எடுங்க."

"பாக்கவே வேணாம். முழுசா நெறைஞ்சிருக்கும். தூக்க ஆளில்லாம மிச்சம் சிந்திக் கெடக்கும். கல்யாணப் பந்தி மாதிரி விரிச்சு வெச்சிருக்கேன், அழைக்காதவன் வந்து உக்காந்துட்டான்." பிறகு என் பக்கம் திரும்பி, "எவன்னு ரிப்போர்ட் வந்துச்சா?" என்றாள். வரவில்லை என்றேன். "வந்தா சொல்லு. நம்மாளான்னு பாக்கணும்."

அன்று சாயங்காலம் நான் நெய்க்காரப்பட்டிக்குக் கிளம்பினேன். சித்தப்பாவின் ரத்த வகை ஒத்துப்போகும் என்று ஞாபகம். வாசலில் அவள் அம்மா ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார். "ஆத்தா, சின்னவ போனதும் இப்படி ஒரு சாயங்காலந்தான். இவ இந்தச் சாயங்காலத்தத் தாண்டிருவாளா?" என்றார். தாண்டிவிடுவாள் என்றேன். தாண்டினாள். விடிந்த பிறகுதான் போனாள்.

ரிப்போர்ட் அடக்கத்துக்குப் பிறகு வந்தது. அது அவள் ஆராய்ந்த கிருமி இல்லை. ஜெயமேரியைக் கொன்ற கிருமியும் இல்லை. முற்றிலும் வேறொன்று, இரும்பு மிகுந்த உடம்பைத் தேடி வருவது, பல மருந்துகளுக்கு மசியாதது. அதற்கும் அதே குடும்பத்து இரும்பு பிடிக்கும் புரதம் உண்டு. கீல் வைத்த அதே இரண்டு மடல்கள். இதை அவளிடம் சொல்ல முடியாமல் போனதில் எனக்கு வருத்தமா, நிம்மதியா என்று இன்றுவரை தெரியவில்லை. ஒரு வாசலை இத்தனை வருடம் காவல் காத்தவளை இன்னொரு வாசல் வழியாக வேறொரு கிருமி வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டது.

ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் ஜெயமேரிக்குப் பக்கத்திலேயே அவளை அடக்கம் செய்தார்கள். எல்லோரும் மண் போட்டுவிட்டு நகர்ந்த பிறகு அவள் அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அம்மாடி, நீ கூடவே இருந்தவ. எம்மக இம்புட்டு வருசம் என்னதான் பாத்தா? எனக்குப் புரியிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லு."

அந்தக் குழியோரத்தில் நின்று சொன்னேன். நம் ரத்தத்தில் இரும்பைத் தூக்கிச் செல்ல ஒன்று இருக்கிறது, கிருமியிடமும் அதை எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது, இரண்டும் ஒரே சாயலில் இருக்கின்றன, அதற்குள் வேறுபடுகிற இடம் எது என்று தேடினாள் என்றேன்.

"அப்ப எம்பிள்ளைய வளத்ததும் கொன்னதும் ஒரே சாயலா?"

"ஆமாம்மா."

"வேற மாதிரி எடம் கெடச்சுச்சா அவளுக்கு?"

"கெடச்சுச்சு. ஆனா அதுல மருந்த நுழைக்க முடியல."

"இனி அதை யாரு பாப்பாங்க?"

நான் வேதியியல்காரி, அவள் செய்ததில் பாதிதான் எனக்குக் கைவரும். புரதம் இன்னும் உறைபெட்டியில் இருக்கிறது. இடத்தைக் காலி செய்யச் சொல்லித் துறையில் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். வெளியே பெரிய ஆய்வகங்களில் இதைத் தேடுகிறவர்கள் இருப்பார்கள், ஒருநாள் கண்டும் பிடிப்பார்கள். அது அந்த அம்மாவுக்கு என்ன ஆறுதல்? எனக்கே ஆறுதல் இல்லை.

கல்லூரியில் இரங்கல் கூட்டம் நடந்தது. நல்ல கூட்டம், நல்ல பேச்சுகள். அறிவியலுக்காகவே வாழ்ந்தார் என்று ஒருவர் சொன்னார். இந்த நோயோடு இத்தனை காலம் இருந்ததே பெரிது என்று இன்னொருவர் சொன்னார். கர்த்தர் தன் பிள்ளையைத் தன்னிடம் அழைத்துக்கொண்டார் என்று பங்குத்தந்தை சொன்னார். அன்று என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. அன்று பேசியிருந்தால் சொல்லியிருக்கக்கூடியதை இங்கே எழுதி முடிக்கிறேன்.

மதுரைக்குப் போகும் ஆம்புலன்ஸில் சின்னாளப்பட்டி தாண்டும்போது அவள் முகமூடியை விலக்கினாள். நான் மறுபடி மாட்டப் போனேன், கையைத் தட்டிவிட்டாள். உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது, பற்கள் அடித்துக்கொண்டன. "கோமதி, நான் செத்தா நீதான் எதாச்சும் எழுதுவ. ஆராய்ச்சிய முடிக்காமப் போனான்னு எழுதிறாத" என்றாள். "எனக்கு வாழணும்டி. வேலைக்காக இல்ல. கண்டுபிடிக்கிறதுக்காக இல்ல. சும்மா. எல்லாரும் இருக்காங்கல்ல, அது மாதிரி சும்மா இருக்கணும்."

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான். நாற்பது வயது தாண்டிய ஒரு பெண், காரணம் எதுவும் சொல்லாமல், வாழ வேண்டும் என்று கேட்டாள். அதை யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை.